திருப்பித் தர இயலாத கட்டணம்

ஜனவரியில் ஃபின்டனைப் பரிசோதித்த பெண்
"இடுப்பு திரும்பவே இல்லையே" என்றாள்,
துருப்பிடித்த கேட்டைப் பற்றிச் சொல்வதுபோல.
இருபது வருஷம் பால் லாரி ஓட்டி
ஒரே பக்கம் சாய்ந்த முதுகு.
கோல்ஃபில் அடிப்பது கை இல்லையாம்,
இடுப்புதானாம்.
ஏழு பயிற்சிகள் வரைந்து கொடுத்தாள்,
எல்லாம் முகமில்லாத குச்சி மனிதர்கள்.

அன்றிலிருந்து எங்கள் ஸ்லைகோ வீட்டில்
இரவு ஒன்பது மணிக்குச் சமையலறை அவனுடையது.
வெளியே அட்லாண்டிக் மழை குறுக்காக அடிக்கும்.
உள்ளே அவன் துடைப்பத்தைத் தோளில் குறுக்கே வைத்து
இடம் திரும்புவான், வலம் திரும்புவான்.
எண்ணிக்கைதான் தவறும்:
பன்னிரண்டுக்குப் பின் எப்போதும் பதினைந்து.
ஆகவே நான் எண்ணினேன்.
சும்மா நின்று எண்ணினால் கால் குளிர்கிறது.
ஆகவே நானும் திரும்பினேன்,
மாவுருட்டும் கட்டையோடு.

பிப்ரவரி முழுக்கப் பட்டியல்.
போர்ச்சுகலின் தென்கோடியில் எட்டு நாள்.
அவனுக்கு மூன்று ஆட்டம், முன்பணம் கட்டியாயிற்று.
ரோனனுக்குச் சறுக்குப் பாதை வைத்த குளம்.
மேவுக்கு அறுந்துபோகாத வைஃபை.
என் பெயருக்கு நேரே
ஃபின்டன் எழுதியிருந்தான்: ஓய்வு.
கேள்விக்குறி
நான் போட்டது.

மார்ச்சில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும்,
கண்ணை மூடிக்கொண்டு.
அவன் ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொள்வான்.
நான் எதையும் பிடிக்கவில்லை என்பதை
யாரும் கவனிக்கவில்லை,
நான் உட்பட.

ஃபாரோ விமான நிலையத்தில்
பெட்டிகள் சுற்றி வந்தன.
நான்காவது பெட்டி அசையவே மாட்டேன் என்றது.
விடுமுறையில் பயிற்சி விட்டுப்போகக் கூடாதென்று
அதில் இரும்பு எடைகளை ஒளித்து வைத்தது
அவனேதான்.
குனிந்தான், பிடித்தான், இழுத்தான்.
மூன்று மாதம் பழக்கிய இடுப்பு
அழகாகத் திரும்பியது.
பிறகு
திரும்பி வரவில்லை.

வரவேற்பில் நின்ற இளைஞன் மிகவும் மரியாதையானவன்.
ரத்து செய்யலாம் அம்மா, பணம் வராது.
பெயர் மாற்றலாம், அதற்குக் கட்டணம் இல்லை.
பால்கனியில் பலகைபோல் மல்லாந்திருந்தவனிடம் சொன்னேன்.
கூரையைப் பார்த்து நெடுநேரம் கணக்குப் போட்டான்.
"காலை ஏழு இருபது" என்றான்.
"கையுறை சின்னப் பையில் இருக்கிறது."

மேவ் மட்டையெல்லாம் சுமக்க வந்தாள்.
காலை ஏழு மணியில் அவளை விழித்த முகமாகப் பார்த்து
இரண்டு வருஷம் ஆகிறது.
கூட ஆட டென்மார்க்கிலிருந்து வந்த
பல் மருத்துவர் தம்பதி.
பைன் மரங்களுக்கு நடுவே இவ்வளவு பச்சையை
இவ்வளவு வெயிலோடு சேர்த்து
எங்கள் ஊரில் யாரும் வைத்துப் பார்த்ததில்லை.

முதல் வீச்சு காற்றுக்கு.
இரண்டாவது புல்லுக்கு.
மூன்றாவதில் மட்டையை மறந்தேன்.
ஒன்பது மணிச் சமையலறை,
கண்ணாடியில் மழை,
ஒன்று, இரண்டு என்று எண்ணி
இடுப்பை மட்டும் திருப்பினேன்.

டக்.

ரொம்ப தூரமெல்லாம் இல்லை.
ஆனாலும் பந்து எழுந்தது,
எழுந்து ஒரு கணம்
எங்கே இறங்குவதென்று யோசித்தது.
"அம்மா" என்றாள் மேவ், கெட்ட வார்த்தையும் ஒன்று சேர்த்து.
டேனிஷ்காரி கேட்டாள்:
இடுப்பு இப்படித் திரும்ப எங்கே பழகினீர்கள்?
அடுப்பு பக்கத்தில், என்றேன்.

ஒன்பது குழி, எழுபத்தோரு அடி.
இரண்டு பந்து குளத்து வாத்துகளுக்கு.

திரும்பியபோது ரோனன் வைத்த ஐஸ் பை
அவன் முதுகடியில் உருகிக்கொண்டிருந்தது.
"ஒவ்வொரு அடியாகச் சொல்லு" என்று
கண்ணை மூடிக்கொண்டான்.
நான் சொல்லச் சொல்ல விரல்விட்டு எண்ணினான்.
பன்னிரண்டுக்குப் பின் பதினைந்து.
எழுபத்தொன்று எழுபத்துமூன்று ஆயிற்று.
திருத்தவில்லை.

மீதி இரண்டு ஆட்டத்துக்கும்
வரும் வழியிலேயே பெயர் மாற்றிவிட்டேன் என்பதை
இன்னும் சொல்லவும் இல்லை.